பதம் பார்த்த முகம்

சென்னையில் அந்தக் கூட்ட அறையில் முதலில் அழுதவர் முன்னாள் நீதிபதி மாசிலாமணிதான். எத்தனையோ கொலை வழக்குகளை முகம் மாறாமல் கேட்டவர் என்று பெயரெடுத்தவர். இரண்டு மணிக்கட்டுகளிலும் கட்டியிருந்த பட்டைகளைக் குனிந்து பார்த்தபடி அவர் மூக்கை உறிஞ்சியதும், மேசையைச் சுற்றி இருந்த மற்றவர்களும் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்தார்கள்.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த டாக்டர் இசக்கியம்மாள் என்ன செய்வதென்று தெரியாமல் எதிரே நின்றுகொண்டிருந்தாள். அழுகிறவர்களைப் பார்த்துச் சந்தோஷப்படுவது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"இப்படி ஒரு உணர்படம் இந்த ரூமுக்கு வந்ததே இல்லை டாக்டர்" என்றார், திட்டங்களுக்கு அனுமதி தரும் அரசாங்கக் குழுவின் தலைவி காயாம்பூ. "இடது கையில மூச்சே நின்னுடும் போல இருந்தது. வலது கையில அப்படி ஒரு நிம்மதி. இதுக்கு மேல என்ன கேள்வி கேட்கிறது?"

உண்மையிலேயே யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

காகிதத்திலும் திரையிலும் வரைபடம் காட்டும் வழக்கம் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. கோடு ஏறும், கோடு இறங்கும், டீ வரும், அடுத்த கோடு வரும், யாருக்கும் உறைக்காது. அப்படித்தான் ஒரு தொற்றுநோய்க் காலத்தில், சாவுக்கணக்கு சுவர் மாதிரி நிமிர்ந்து நின்ற வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரு மந்திரிசபையே மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனது. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. ஆய்வு முடிவை உணர்படமாகத்தான் கொடுக்க வேண்டும். மணிக்கட்டில் பட்டையைக் கட்டினால் நரம்பு வழியாக எண்கள் நெஞ்சுக்குள் ஏறும். கோடு மோசமாகும் இடத்தில் கவலை கனக்கும். நல்லதாகும் இடத்தில் மனசு லேசாகும்.

இசக்கியின் ஆய்வு உப்பளத்துத் தொழிலாளிகளைப் பற்றியது. கொதிக்கும் வெயிலில் வேலை பார்த்துப் பார்த்து அவர்களுடைய சிறுநீரகம் நாற்பது வயதிலேயே கெட்டுப்போகிறது. ரத்தத்தில் சேரும் கழிவைக் குடலிலேயே தின்றுவிடும் ஒரு நுண்ணுயிரை அவள் மோரில் வளர்த்திருந்தாள். பத்து வருட உழைப்பு. பாதிப்பேருக்கு மருந்து மோர், பாதிப்பேருக்கு வெறும் மோர். வெறும் மோர் குடித்தவர்களின் நிலவரம் இடது கையில், மருந்து மோர் குடித்தவர்களின் நிலவரம் வலது கையில். அவ்வளவுதான் படம். அதை உணர்படமாகச் செய்து கொடுத்தவர் அவளுடைய கணவர் தவசிக்கனி.

மறுநாள் காலை தூத்துக்குடி ரயில் நிலையத்தில் தவசி வழக்கம்போல கடைசிப் பெட்டி வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவள் எந்தப் பெட்டியில் வருகிறாள் என்று ஒருதடவையாவது கேட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"அழுதாவளாம்லா? நியூஸ்ல சொன்னான்" என்றார், பையை வாங்கிக்கொண்டு.

"நீதிபதியே அழுதுட்டாருங்க. எல்லாம் உங்க கைராசி."

"என் கைராசியா?" தவசி சிரித்தார். "வா, டீ குடிப்போம்."

அவர் ஒரு பத்திரிகையில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தவர். உணர்படம் வந்த பிறகு 'பதம் பார்க்கும்' வேலைக்கு உரிமம் வாங்கினார். எண்ணை உணர்ச்சியாக மாற்ற இயந்திரம் இருக்கிறது. ஆனால் எந்த எண்ணுக்கு எவ்வளவு உணர்ச்சி என்று அதற்குத் தெரியாது. குழம்புக்கு உப்பு பார்க்கிற மாதிரி ஒரு மனிதன் தன் கையில் கட்டிப் பார்த்துத்தான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அவருடைய படத்தில் உப்பு ஒரு மணி கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது என்று துறையில் பேச்சு. வெள்ளம், விபத்து, குழந்தைகளின் எடை என்று எல்லாம் அவர் கைக்குத்தான் வரும்.

இசக்கிக்கு அதில் ஒரு தனிப் பெருமை இருந்தது. எந்தப் படம் செய்தாலும் கடைசியில் பட்டையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்துவிடுவார். "ஏளா, இதக் கொஞ்சம் கட்டிப் பாரு" என்று கட்டிவிட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இப்படிப் பார்க்கிறாரே என்று அவளுக்கு உள்ளுக்குள் குளிரும். வெளியே மட்டும், "போங்க, தோசை கருகுது" என்பாள்.

எல்லா உப்பளத்திலும் மருந்து மோர் கொடுக்கச் சொல்லிக் குழுவின் உத்தரவு வந்து சில வாரம் கழித்து ரத்தம் எடுப்பதற்காக உப்பளத்துக்குப் போனாள் இசக்கி. வெயில் வெள்ளைப் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. பாத்தி வரப்பில் முத்துக்கிளி தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆய்வின்போதே மருந்து மோர் குடித்தவர்களில் அவளும் ஒருத்தி. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்ன முத்துக்கிளி, வெயில்ல உக்காந்திருக்க? அங்கன ஏதோ கொட்டகை போட கம்பு நட்டிருந்தாவளே?"

"பிடுங்கிட்டாவ டாக்டரம்மா."

"ஏன்?"

"அதான் மோர் வந்துட்டே, பிறவு நெழல் எதுக்குன்னு சொல்லிட்டாவ. மத்தியானம் ஒரு மணிநேரம் ஓய்வு குடுக்கணும்னு சட்டம் போடப் போறதாச் சொன்னாவல்லா? அதுவும் இல்லையாம். மோரக் குடிச்சிட்டு வேலயப் பாருங்கன்னுட்டாவ."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஆனால் எழுந்திருக்கப் பார்த்தவள் தடுமாறி இசக்கியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இசக்கி அவளை ஆய்வகத்து வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழு நிழலை நிறுத்தியது தன் மோரை நம்பி. மோர் அவ்வளவு காப்பாற்றுமானால் முத்துக்கிளிக்குக் கால் ஏன் வீங்க வேண்டும்? கம்ப்யூட்டரைத் திறந்து, கல்லூரியில் படித்த காலத்தோடு விட்டுப்போன வேலையைச் செய்தாள். எண்களை எடுத்துத் திரையில் சாதாரணக் கோடாக வரைந்தாள். கிடையாக மாதங்கள். நெடுக்காக, ரத்தத்தில் உள்ள கழிவின் அளவு, பூஜ்யத்திலிருந்து.

இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே ஏறின. மருந்துக் கோடு கொஞ்சம் கீழே இருந்தது, பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் 'இவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம்' என்று காட்டும் பிழைக்கோடுகளைப் போட்டதும், பாதி இடத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

இதற்கா நீதிபதி அழுதார்?

பக்கத்து அறையில் தவசி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். "ஏங்க, கையக் கழுவிட்டு இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். "நம்ம படத்த ஒருக்கா கட்டிப் பாருங்க. கொஞ்சம் தூக்கலா இருக்கோன்னு தோணுது."

அவர் வந்து கையை நீட்டினார். அவள் இருந்த பதற்றத்தில் பட்டைகளை மாற்றிக் கட்டிவிட்டாள். இடதுகைப் பட்டை வலதுகையில், வலதுகைப் பட்டை இடதுகையில். படம் ஓட ஆரம்பித்த பிறகுதான் அதைக் கவனித்தாள். அவிழ்க்கப் போனவள் நின்றுவிட்டாள்.

தவசி கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டி, ரசிப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். படம் முடிந்தது.

"சரியாத்தான் இருக்கு. இடது கையில பாரம், வலது கையில நிம்மதி. இதுல என்ன தூக்கல்?"

இசக்கி அவருடைய மணிக்கட்டுகளைச் சுட்டிக் காட்டினாள். அவர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். வலது மணிக்கட்டில் இருந்த பட்டையில் இடதுக்கான 'இ' எழுதியிருந்தது.

"ஓ" என்றார்.

"எப்பத்துல இருந்து?"

அவர் பட்டைகளை மெல்ல அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "புயல்ல செத்தவங்க படம் செஞ்சேம்லா, நாகப்பட்டினத்துக்கு. சின்னப் பிள்ளைங்க கணக்கு மட்டும் தனியா. பதம் சரியா வரணும்னு திரும்பத் திரும்பக் கட்டிப் பாத்தேன். ஒரு நாள் காலையில கட்டுதேன், ஒண்ணும் ஏறல. பட்டைதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். பட்டை நல்லாத்தான் இருந்தது. எனக்குத்தான் உள்ள மரத்துப்போச்சு."

"அது நடந்து ரெண்டு வருஷம் இருக்கும்ங்க!"

"இருக்கும்."

"பின்ன அதுக்கப்புறம் செஞ்சதெல்லாம்? எப்படிப் பதம் பாத்திய?"

தவசி அவளை நிமிர்ந்து பார்த்தார். "உன் மூஞ்சியப் பாத்துத்தான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஸ்டூலும் தோசையும் எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தன. காது சூடானது.

"அப்போ நீங்க என்னப் பாக்கல. அளவு பாத்துருக்கிய. நான் உங்களுக்கு ஒரு கருவி."

"அப்படிச் சொல்லாத."

"வேற எப்படிச் சொல்ல?"

"இசக்கி, உனக்குப் பொய்யா முகம் வைக்கத் தெரியாது. கவலைன்னா புருவத்துக்கு நடுவுல வரும். கொஞ்சம் நிம்மதின்னா கீழ் உதட்டக் கடிப்ப, நல்ல நிம்மதின்னா உதட்ட விட்டுருவ. நான் பாத்த கருவி எதுவும் இவ்வளவு சுத்தமா காட்டுனதில்ல." அவர் நிறுத்திவிட்டு, "எனக்கும் உக்காந்து பாக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது" என்றார்.

அவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று அதற்குள் வந்துவிட்டது.

"நம்ம படத்தையும் என் மேலதான் பாத்தியளா?"

"ஆமா."

"நான் என்ன முகம் வச்சிருந்தேன்?"

"முதல் தடவை கட்டுனப்போ வாடிப்போன. இவ்வளவுதானான்னு. சரி, நான்தான் குறைச்சலா வச்சுட்டேன்னு கூட்டினேன். அப்பவும் வாடின. இன்னும் கூட்டினேன். கடைசியா உதட்ட விட்ட பாரு, அதோட நிறுத்திட்டேன்."

இசக்கி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். மற்றவர்களின் ஆய்வில் அவளுக்கு ஆசை கிடையாது. அதனால் அவள் முகம் சரியாகக் காட்டியது. தன் ஆய்வில் பத்து வருஷத்து ஆசை இருந்தது. மருந்து வேலை செய்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாளோ அந்த அளவுக்கு வந்த பிறகுதான் அந்த முகம் அடங்கியது. குழுவில் எல்லோரும் அழுதது உப்பளத்துக்காக இல்லை. அவளுடைய ஆசைக்காக.

"ஆய்வுல சம்பந்தப்பட்டவங்க கையில பதம் பாக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு" என்றாள் மெதுவாக.

"இருக்கு. சொன்னா உரிமம் போயிரும்."

"சொல்லாம இருந்தா?" கேட்டுவிட்டு அவளே வெட்கப்பட்டாள். "மருந்து பொய்யில்லையேங்க. கொஞ்சம் வேலை செய்யத்தான் செய்யுது."

"கொஞ்சம்னு சொல்லலையே நாம."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். தவசி எழுந்து வந்து திரையின் முன் நின்று வெகுநேரம் பார்த்தார். பழைய வரைபடக்காரரின் கை தானாகவே கன்னத்துக்குப் போனது.

"கோட்ட எடுத்துரு. ஆளுக்கொரு புள்ளியா போடு பாப்போம்."

போட்டாள். திரை முழுக்கப் புள்ளிகள் சிதறின. மருந்து குடித்தவர்கள் பச்சை, குடிக்காதவர்கள் சிவப்பு. பச்சையும் சிவப்பும் மேலேயும் கீழேயும் கலந்தே கிடந்தன.

"இங்க கீழ ஒரு கூட்டம் தனியா உக்காந்திருக்கே, இது யாரு?" என்று தவசி விரலை வைத்தார். "இதுல பச்சையும் இருக்கு, சிவப்பும் இருக்கு. ஒருத்தருக்கும் ஏறவே இல்ல."

அவள் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பெயரைப் பார்த்தாள். நாலைந்து பெயர் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எல்லோரும் முள்ளக்காட்டுப் பக்கம் ஒரே உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள். அந்த அளத்துக்காரர் எப்போதோ தன் மகள் கல்யாணத்துக்குப் போட்ட தகரப் பந்தலைப் பிரிக்காமல் அளத்தின் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அங்கே வேலை செய்பவர்கள் உச்சி வெயிலில் அதன் கீழ் போய் உட்காருவார்கள்.

இசக்கி அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷம். எத்தனை கண்ணாடிக் குடுவை, எத்தனை எலி, எத்தனை வகை நுண்ணுயிர். ஒரு தகரப் பந்தல் அத்தனையையும் விட நன்றாக வேலை செய்திருந்தது. சராசரி எடுத்துக் கோடு போட்டதில் அந்தப் பந்தல் காணாமல் போயிருந்தது.

கண் நிறைந்து வழிந்தது. தவசி மசாலா வாசம் போகாத கையை அவள் தலையில் வைத்தார்.

"டிக்கெட் ரெண்டாப் போடுங்க" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

இந்தத் தடவை கூட்ட அறையில் பட்டைகள் மேசைமேல் இல்லாததைப் பார்த்துக் குழுத்தலைவி காயாம்பூவுக்கு எரிச்சல் வந்தது. சுவரில் வெறும் புள்ளிகள்.

"இதை எப்படி டாக்டர் படிக்கிறது? பார்த்தா கொசு மொய்ச்ச மாதிரி இருக்கு."

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள் மேடம். மேல போகப் போக சிறுநீரகம் மோசம். கீழ இருந்தா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். இந்தச் சின்னக் குறுக்குக் கோடு, எங்க அளவுல எவ்வளவு தப்பு இருக்கலாம்ங்கிறதுக்கு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "போன தடவை நீங்க உணர்ந்தது இதுல இல்ல. இருந்ததைவிட ரொம்பப் பெருசாக் காட்டிட்டோம். என் மருந்து கொஞ்சந்தான் வேலை செய்யுது. அதுகூட உறுதியாச் சொல்ல முடியாது."

 நீதிபதி மாசிலாமணி முன்னால் சாய்ந்தார். "அப்போ நான் அழுதேனே அம்மா? அது என்ன?"

தவசி எழுந்து நின்றார். "அது என் வீட்டம்மா முகம்ங்க ஐயா."

நடந்ததை, புள்ளிகளில் தகரப் பந்தலைக் கண்டுபிடித்தது வரைக்கும், அவரே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, தனக்காகவும் பேசவில்லை. கேட்கும்போதே உறுப்பினர்களில் சிலர் கோபப்பட்டார்கள், ஒருவர் எழுந்தே போய்விட்டார். உரிமத்தை அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். அவர் செய்த படங்கள் எல்லாவற்றையும் மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்றும் முடிவாயிற்று.

நீதிபதி மட்டும் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கீழே இருந்த கூட்டத்தைக் காட்டி, "இவங்க எல்லாம் பந்தல்காரங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சார். ஆனா ஒரே ஒரு அளத்தை வச்சு நிழல்தான் காரணம்னு நான் முடிவு சொல்ல மாட்டேன். அங்க தண்ணி நல்ல தண்ணியா இருக்கலாம். வேற ஏதாவது இருக்கலாம். சோதிச்சுப் பார்க்கணும்."

"நிழலால யாருக்காவது கெடுதல் வருமா?"

"வராது."

"அப்போ எல்லா அளத்துலயும் போட்டுட்டுச் சோதியுங்க. சும்மா வெயில்ல நிக்க வச்சா சோதிக்கணும்?" அவர் காயாம்பூவைத் திரும்பிப் பார்த்தார். "பிடுங்கின கம்பைத் திரும்ப நடச் சொல்லி உத்தரவு போடுங்க. ஓய்வு நேரத்தையும் சேர்த்து. மோரையும் நிறுத்த வேண்டாம், கொஞ்சமாவது கொஞ்சம்தானே."

மழைக்காலம் வருவதற்குள் அளங்களில் கொட்டகைகள் எழும்பின. முத்துக்கிளி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, பாத்தி வேலையை விட்டுவிட்டுக் கொட்டகையில் தண்ணீர் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கெட்டுப்போன சிறுநீரகம் திரும்பச் சரியாகாது என்று இசக்கி அவளிடம் மறைக்காமல் சொல்லியிருந்தாள். இதற்கு மேல் கெடாமல் பார்க்கலாம் என்பதையும் சொல்லியிருந்தாள். தவசி வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். இசக்கியின் ஆய்வகத்துக்குப் புள்ளிப் படங்கள் வரைந்து கொடுத்தார். நரம்பு டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். இசக்கி அதைப்பற்றி அவரிடம் கேட்பதே இல்லை. தன்மேல் அவருக்கு இப்போது ஏதாவது தோன்றுகிறதா என்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காயாம்பூவிடமிருந்து அழைப்பு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் இசக்கி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"டாக்டர், உங்க கணவர் செஞ்ச படங்களையெல்லாம் வேற பதக்காரங்க வச்சுச் சோதிச்சாச்சு. உங்க ஆய்வைத் தவிர ஒண்ணுலகூடத் தப்பு இல்லை. சொல்லப்போனா மத்தவங்க செய்யறதைவிடச் சரியா இருக்கு."

இசக்கி தவசியைப் பார்த்தாள். அவர் சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதனால குழு ஒரு முடிவு எடுத்திருக்கு. பதம் பார்க்கிறவங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு அளவுகோல் தேவைப்படுது. உங்க முகத்தையே அரசாங்க அளவுகோலா வச்சுக்கலாம்னு யோசிக்கிறோம். வாரத்துல நாலு நாள் சென்னைக்கு வந்தாப் போதும். கேமரா முன்னால உட்காரணும், அவ்வளவுதான்."

இசக்கிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "மேடம், இவருகூடச் சண்டை போட்டுட்டு வந்து உக்காந்தேன்னு வைங்க, அன்னைக்கு நாட்டுல ஒரு திட்டமும் நிறைவேறாது."

"நான் சீரியஸா கேட்கிறேன் டாக்டர்."

"நானும் சீரியஸாத்தான் சொல்லுதேன். முடியாது மேடம். உங்க ஆளுங்களுக்குப் புள்ளிப் படம் படிக்கச் சொல்லிக்குடுக்கணும்னா வாரேன். என் மூஞ்சி வராது."

போனை வைத்துவிட்டுக் குழம்பை எடுக்கத் திரும்பினாள். தவசி நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

"நல்லவேளை" என்றார்.

"என்ன நல்லவேளை? அரசாங்க வேலை போயிட்டேன்னு நான் வருத்தப்படுதேன்."

"சரின்னு சொல்லிருவியோன்னு பயந்துட்டேன்ட்டி. ஊர்ல உள்ளவன் எல்லாம் உக்காந்து பாக்கதுக்கா..."

இசக்கி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னது? பயந்தியளா?"

தவசி பதில் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.  எச்சில் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார்.

"ஆமா இசக்கி" என்றார் ஆச்சரியமாக. "நல்லாவே பயந்துட்டேன். இங்க வந்து தொட்டுப் பாரு."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய்த் தொட்டுப் பார்த்தாள். படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.